முகாம் முடிந்த மறுநாள் வரும் படம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பின் கல்விப் பக்கத்தில், 'கிடைத்த வேலையில் ஒட்டிக்கொள்ளும் வடசென்னைப் பட்டதாரிகளுக்குத் தேடும் ஆர்வம் போதாது' என்று ஒரு வரி பார்த்தேன். எழுதியவர் திருவொற்றியூரைத் தாண்டியதுண்டா என்று கேட்க மாட்டேன், மரியாதையாக இருக்காது. ஆள் எடுக்கும் மேசையில் இருப்பவன் சொல்கிறேன், ஆர்வத்துக்குக் குறைவில்லை. எதை எழுதி யாரிடம் கொடுப்பது என்று சொல்லித்தரத்தான் ஆள் இல்லை. உங்கள் கட்டுரையிலும் பத்திக்கொரு 'தன்னம்பிக்கை'தான் இருந்தது.

வருகிற பயோடேட்டாக்களில் முக்கால்வாசி பிரவுசிங் சென்டர் அச்சு. மேலே 'சவாலான சூழலில் பணியாற்ற விருப்பம்', கீழே மதம், உறுதிமொழி. செய்த வேலைக்கு ஒற்றை வரி. மொத்த வியாபாரக் கடையில் பில் போடும் பி.காம். பெண், டேலி கணக்கு மென்பொருளில் என்னென்ன பதிகிறாள், ஜி.எஸ்.டி. கணக்குக்கு எதைத் திரட்டித் தருகிறாள், சரக்கோடு போக வேண்டிய இ-வே பில்லை இணையத்தில் எடுக்கத் தெரியுமா என்று எழுதினால் கூப்பிடுவோம். வெறும் 'பில்லிங்' என்றால் அடுத்த தாளுக்குப் போய்விடுவோம். ரீசார்ஜ் தீர்ந்த எண்ணைக் கொடுத்திருந்தாலும் அதே கதிதான்.

எல்லோரையும் ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் ஓ.எம்.ஆருக்கே அனுப்புகிறீர்கள். துறைமுகம் இங்கேதானே இருக்கிறது? ராஜாஜி சாலை சுங்க மாளிகையைச் சுற்றியும் பாரிமுனைச் சந்துகளிலும் இருக்கும் சுங்கத் தரகு அலுவலகங்களுக்கு ஏற்றுமதிக்கான ஷிப்பிங் பில், இறக்குமதிக்கான பில் ஆஃப் என்ட்ரி தயாரிக்க ஆள் வேண்டும். அதற்கெல்லாம் பெரும்பாலும் விளம்பரம் வராது. உள்ளே இருப்பவர் சொல்லும் ஆளுக்கோ, நேரில் போய்த் தாள் கொடுத்து, அடுத்த வாரம் மறுபடியும் போய் நிற்பவருக்கோதான் கிடைக்கும்.

அப்ரண்டிஸ், அதாவது தொழிற்பழகுநர் என்றாலே ஐ.டி.ஐ. என்று நினைக்கிறார்கள். 2014 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பி.ஏ., பி.காம். படித்தவர்களுக்கும் அந்த வாசல் உண்டு. பட்டதாரிக்கு மாத உதவித்தொகை குறைந்தது 9,000 ரூபாய் என்று 2019-இலேயே விதி வந்தது. தரமணியில் இருக்கும் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் பற்றி உங்கள் பக்கத்தில் ஒரு வரியாவது வந்ததுண்டா?

சம்பளக் கணக்கையும் யாரும் எழுதுவதில்லை. 'சி.டி.சி. 18,000' என்றால், அது ஓர் ஆளுக்குக் கம்பெனி செய்யும் மொத்த மாதச் செலவு; முதலாளி கட்டும் பி.எஃப். 12 சதவீதம், இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம் அதற்குள்ளேயே அடக்கம். அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால், தொழிலாளி பங்கும் போய்க் கையில் நிற்பது 14,000-க்கும் கீழே. 'கையில் எவ்வளவு, யு.ஏ.என். எனும் பி.எஃப். கணக்கு எண் உண்டா' என்று சேரும் முன்பே கேட்க வேண்டும். அடுத்த கம்பெனி அனுபவத்தைச் சரிபார்க்கும்போது பி.எஃப். பதிவையும் பார்க்கக்கூடும்.

எங்கள் பகுதி உங்களுக்கு நினைவு வருவது வெட்டுக்குத்துக்கும், 2023 டிசம்பர் போல எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் மிதக்கும்போதும்தான். இதற்கிடையே உங்கள் வரி விளம்பரத்தில் 'உடனடி வேலை, முன்பணம் மட்டும்' தவறாமல் வருகிறது. வேலை கொடுப்பவன் பணம் கேட்க மாட்டான், ஒரிஜினல் சான்றிதழையும் வாங்கி வைக்க மாட்டான் என்பது விளம்பரப் பிரிவுக்குத் தெரியாதா என்ன!

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வேலைவாய்ப்பு முகாம் முடிந்த மறுநாள் அமைச்சர் ஆணை வழங்கும் படத்தை மூன்று பத்தி அகலத்தில் போடுகிறீர்கள். முகாமுக்கு நான்கு நாள் முன்னதாக இடம், நேரம், கொண்டுவர வேண்டிய நகல்கள் ஆகியவற்றை ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டால் போதும். படத்தைக் கொஞ்சம் சுருக்கினால் இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
தண்டையார்பேட்டை.