ஊதா நிறச் சாப்பாட்டுப் பை

எடிசன், நியூ ஜெர்சி
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மாமியாருக்குக் கண் ஆபரேஷன், வேளாவேளைக்குச் சொட்டு மருந்து, பார்க்க வந்தவர்களுக்குக் காபி என்று ஓடியதில் இன்றுதான் பேனாவை எடுக்க முடிந்தது. கண் நன்றாகத் தெரிகிறதாம். ரசத்தில் மிதக்கும் கடுகைக்கூட எண்ணிவிடுவார் போலிருக்கிறது.

நீ எழுதியதில் ஒரு விஷயம் மட்டும் மனதிலேயே நிற்கிறது. தாரா டிவி பாட்டுப் போட்டிக்கு முதல் சுற்றில் தேர்வாகியிருக்கிறாள், அவள் அப்பா தெருவெல்லாம் சொல்லிவிட்டார், உனக்கு மட்டும் வயிற்றைக் கலக்குகிறது, "நீ என்னடி சொல்கிறாய்?" என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். அதற்கு முன்னால் என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை.

ஹானா மொன்டானாவை உனக்கு நினைவிருக்கும். நந்தினி உன் வீட்டுக்கு வந்திருந்தபோது மஞ்சள் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, அதுதான் தன் பொன்னிற முடி என்று மாடிப்படியில் நின்று பாடினாளே, அந்தத் தொடர்தான். பகலில் சாதாரணப் பள்ளிக்கூடப் பெண், இரவில் விக் வைத்துக்கொண்டு பாடும் நட்சத்திரம். இரண்டும் ஒருத்திதான் என்பது ஊருக்குத் தெரியாது. டிஸ்னி சேனலில் 2006 மார்ச்சில் தொடங்கி 2011 ஜனவரி வரை ஓடியது. முதல் நாளே 54 லட்சம் பேர் பார்த்தார்கள். நடித்த மைலி சைரஸுக்கு அப்போது 13 வயது. கதையில் அப்பாவாக வந்தவர் அவளுடைய சொந்த அப்பா, கன்ட்ரி பாடகர் பில்லி ரே சைரஸ்.

நந்தினிக்கு ஆறு வயதானபோது அந்தப் பெண்ணின் படம் போட்ட ஊதா நிறச் சாப்பாட்டுப் பை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். நான்கு வருஷம் அதில்தான் தயிர்சாதம் போனது. ஜிப்பின் பிடி உடைந்ததும் ஊக்கு மாட்டிக் கொடுத்தேன். வேறு பை வாங்கித் தருகிறேன் என்றால் அழுவாள்.

2013 ஆகஸ்ட் 25, ஞாயிற்றுக்கிழமை. எம்டிவியின் இசை விருது விழா, புரூக்ளின் பார்க்லேஸ் சென்டரில். எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரத் தூரம். பள்ளி திறக்க இன்னும் நாள் இருந்தது, "ஹானா வர்றாம்மா" என்று கெஞ்சினாள், சரி என்று உட்கார வைத்தேன். மேடையில் ஒரு ராட்சதக் கரடி பொம்மை. அதற்குள்ளிருந்து வந்தாள் மைலி. முடியை இரண்டு கொம்பு மாதிரி முடிந்திருந்தாள், கரடி முகம் போட்ட சாம்பல் நிற உடை, நொடிக்கொரு தரம் நாக்கை நீட்டினாள். பிறகு ராபின் திக் பாட வந்தார், கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட கோட்டு சூட்டில். இவள் மேலுடையைக் கழற்றிவிட்டுத் தோல் நிறத்தில் இரண்டு துண்டு ரப்பர் உடையோடு அவர் முன்னால் குனிந்து இடுப்பை ஆட்டினாள். பேஸ்பால் மைதானத்தில் ரசிகர்கள் மாட்டிக்கொள்ளும் பெரிய பஞ்சு விரல் ஒன்று கையில். அதை வைத்துக்கொண்டு அவள் செய்ததை எழுத எனக்குக் கை வரவில்லை.

நான் ரிமோட்டைப் பிடுங்கினேன். "ச்சீ, இவளுக்கு வெட்கமே இல்லையா? பெத்தவங்க எப்படி வெளியே தலை காட்டுவாங்க?" என்று கத்தினேன். மறுநாள் காலையில் அந்தப் பையை எடுத்துச் சமையலறைக் குப்பைக்கூடையில் போட்டேன். மேலே வாழைப்பழத் தோலையும் போட்டேன். நந்தினி பார்த்துக்கொண்டு நின்றாள். எதுவும் கேட்கவில்லை.

நான் தனியாகக் கத்தவில்லை, நாடே கத்தியது. அன்றிரவு ட்விட்டரில் ஒரு கட்டத்தில் நிமிஷத்துக்கு 3 லட்சத்துக்கும் மேல் பதிவுகள் விழுந்ததாகச் செய்தி வந்தது. காலை டிவியில் பெரிய பெரிய செய்தியாளர்கள் முகத்தைச் சுளித்தார்கள். அந்தப் பஞ்சு விரலை முதலில் செய்தவரைக்கூடத் தேடிப் பிடித்துக் கருத்துக் கேட்டார்கள், அவரும் வருத்தப்பட்டார். வில் ஸ்மித் குடும்பம் வாயைப் பிளந்து உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று மைலியைப் பார்த்த அதிர்ச்சி என்று ஊரெல்லாம் சுற்றியது. எனக்கும் மூன்று பேர் அனுப்பினார்கள். உண்மையில் அது லேடி காகா ஆடியபோது எடுத்தது. விழாவுக்கு நான்கு நாள் முன்னால்தான் சிரியாவில் டமாஸ்கஸ் பக்கத்தில் விஷவாயு வீசி நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றிருந்தார்கள். திங்கட்கிழமை என் அலுவலகத்தில் அதைப் பற்றி ஒரு பேச்சு இல்லை.

திட்டியவர்கள் எல்லாரும் ஒரே காரணத்துக்காகத் திட்டவில்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. பெற்றோர்களின் தொலைக்காட்சி அமைப்பு ஒன்று, 14 வயதுப் பிள்ளைகள் பார்க்கலாம் என்று குறியிட்டு இதை ஒளிபரப்பினார்களே என்று சேனலைக் கேட்டது. அது நியாயமான கேள்வி. ஒத்திகை பார்க்காமல் அப்படி ஒரு மேடை நடக்குமா? அமெரிக்காவின் மத்திய தகவல்தொடர்பு ஆணையத்துக்கும் நூற்றைம்பதுக்கு மேல் புகார்கள் போயின. ஆனால் எம்டிவி கேபிள் சேனல், ஆன்டெனாவில் வரும் சேனல்களுக்கான ஆபாச விதிகள் அதற்குக் கிடையாது. அதோடு முடிந்தது.

என்னை உண்மையிலேயே யோசிக்க வைத்தவர்கள் இதைப் பற்றிக் கோபமாக எழுதிய கறுப்பினப் பெண்கள். அந்த ஆட்டத்துக்கு ட்வெர்க் என்று பெயர். மைலி பிறப்பதற்கு முன்பே வேர்விட்டது, நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் பவுன்ஸ் இசையோடு வளர்ந்தது. அங்கே ஆடியவர்களைக் கீழாகப் பேசிவந்த அதே உலகம், ஒரு வெள்ளைக்காரப் பெண் ஆடியதும் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி பேசியது. மூன்றாம் நாள் ஆக்ஸ்போர்டின் இணைய அகராதியில் அந்தச் சொல்லைச் சேர்த்த அறிவிப்பும் வந்தது. மேடையில் இருந்த கறுப்பினப் பெண்கள் பொம்மைகளைப் போலச் சுற்றி நிறுத்தப்பட்டிருந்தார்கள், அதில் ஒருவரின் பின்புறத்தில் மைலி தட்டினாள். எல்லாரும் அவள் உடையைப் பற்றிப் பேசினோம், இதைப் பற்றி எத்தனை பேர் பேசினோம்? சதிர் ஆடியவர்களைத் தூற்றித் துரத்திவிட்டு, அதே ஆட்டத்தை வேறு குடும்பத்துப் பெண்கள் பரதநாட்டியம் என்ற வேறு பெயரில் ஆடியபோது முன்வரிசையில் உட்கார்ந்து ரசித்த ஊர் நம்முடையது. நீயும் நானும் அரங்கேற்றத்துக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போயிருக்கிறோம். அதனால் அந்தப் பெண்களின் கோபம் எனக்குச் சட்டென்று உறைத்தது.

ராபின் திக்குக்கு அன்று 36 வயது. கல்யாணமானவர், ஒரு குழந்தைக்கு அப்பா. மைலிக்கு 20. நான் கத்தியபோது அந்த ஆளைப் பற்றி ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை, செல்வி. சில வாரம் கழித்து மைலியே இதைக் கேட்டாள், பின்னால் நின்ற ஆண் யார் கண்ணிலும் படவில்லையா என்று. எனக்குப் பதில் இல்லை.

அக்டோபரில் அயர்லாந்துப் பாடகி ஷினேட் ஓ'கானர் அவளுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார். ஒரு தாயின் அன்போடு எழுதுகிறேன், இந்தத் தொழில் உன் உடம்பை வைத்துச் சம்பாதிக்கிறது, அதற்கு இடம் கொடுக்காதே என்ற பொருளில். மைலி அதை ஏற்கவில்லை. ஓ'கானர் மனநலம் கெட்டிருந்த நேரத்தில் உதவி கேட்டு எழுதியிருந்த பழைய பதிவுகளை எடுத்துப் போட்டுக் கேலி செய்தாள். அது தப்பு, கொடுமை. மேடையில் ஆடியதைவிட அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. ஓ'கானர் யார் தெரியுமா? 1992இல் ஒரு டிவி நிகழ்ச்சியில் போப்பின் படத்தைக் கிழித்தவர். அதே 1992 அக்டோபரில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் மேடையில் ஏறி நின்றபோது கூட்டம் கூச்சல் போட்டது. அடுத்த மாதம் பிறந்தவள் மைலி. ஊர் மொத்தமும் திரும்பி நின்று கத்தினால் ஒரு பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒருவர்தான் அவளுக்கு எழுதினார். 2023 ஜூலையில் அவர் இறந்துபோனார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நமக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது? அந்த விழா மேடை அதற்கு முன் பார்க்காத கவர்ச்சியா? அதே மாதிரி ஆடிய வேறு பாடகியை நாம் சேனல் மாற்றிவிட்டுப் போயிருப்போம். இவள் நம் வீட்டுப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டோம். நாம் பார்த்து வளர்ந்தவள், நம் பிள்ளையின் சாப்பாட்டுப் பையில் இருந்தவள். அவள் வளர்ந்ததை நம்மைக் கேட்காமல் செய்த துரோகமாக எடுத்துக்கொண்டோம். அவளுக்கு 15 வயதில், 2008இல், வேனிட்டி ஃபேர் பத்திரிகையில் முதுகு தெரியப் போர்வையைப் போர்த்திக்கொண்ட படம் வந்தது. எடுத்தவர் ஆனி லீபோவிட்ஸ், உலகப் புகழ் பெற்ற போட்டோகிராபர். மன்னிப்புக் கேட்டது அந்தக் குழந்தை! சுற்றியிருந்த பெரியவர்கள் அத்தனை பேரும் எங்கே போனார்கள்? பத்து வருஷம் கழித்து, அந்த மன்னிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று அறிவித்தாள்.

அவள் அப்பா 2011இல் ஒரு பேட்டியில், அந்தத் தொடர் என் குடும்பத்தை அழித்துவிட்டது, முடிந்தால் எல்லாவற்றையும் அழித்துவிடுவேன் என்று சொன்னார். தொடர் முடிந்த கையோடு. அதே தொடரில் மகளோடு ஐந்து வருஷம் நடித்தவர். மைலியும் பின்னால் சொன்னாள்: தான் இல்லாத ஒருத்தியாகத் தன்னை அழகுபடுத்திக்கொண்டே இருந்ததில், ஒப்பனை இல்லாத சொந்த முகத்தைப் பார்த்தால் இது யார் என்று தோன்ற ஆரம்பித்ததாம். 2023இல் இன்னொரு பேட்டியில், அந்தக் காலத்து அமளிக்காகப் பல வருஷம் குற்ற உணர்வும் அவமானமும் சுமந்தேன் என்றாள். 20 வயதில் செய்ததற்கு! அடுத்த வருஷம் பிப்ரவரியில் முதல் கிராமி விருது வாங்கினாள். நந்தினி போன் செய்து அழுதாள்.

நந்தினி 2021இல் கல்லூரி விடுதிக்குப் போனாள். அவள் அறையைக் கூட்டும்போது கட்டிலுக்கு அடியில், குளிர்காலப் போர்வைகளுக்குப் பின்னால், அந்த ஊதாப் பை இருந்தது. கழுவித் துடைத்து, ஊக்கோடு அப்படியே. உள்ளே ஒன்றுமில்லை. பத்து வயதுக் குழந்தை குப்பைக்கூடையில் கையை விட்டு எடுத்து, எனக்குத் தெரியாமல் சோப்புப் போட்டுக் கழுவி, எட்டு வருஷம் ஒளித்து வைத்திருக்கிறாள்.

கேட்பதற்கே எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. "எனக்கு அந்த டான்ஸ் ஞாபகமே இல்லம்மா. உன் முகம்தான் ஞாபகம் இருக்கு" என்றாள். அப்புறம், "பெரியவளானதும் என்னையும் அப்படிப் பார்ப்பியோன்னு நினைச்சேன்" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறு எதுவும் தெரியவில்லை.

தாராவுக்கு வருகிறேன். அனுப்பாதே என்று நான் சொல்லமாட்டேன். பாட்டு அவளுக்கு உயிர் என்று எனக்குத் தெரியும். ஆனால் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியதை வாங்கு. நம் நாட்டில் 2017இல் வந்த விதிப்படி குழந்தைக் கலைஞர்களை ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, 3 மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் நிறுத்தக் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரிலேயே தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புநிதியாகப் போக வேண்டும். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் 1939இலேயே இப்படி ஒரு சட்டம் வந்தது. சாப்ளினோடு நடித்துப் புகழ் பெற்ற ஜாக்கி கூகன் என்ற சிறுவன் சம்பாதித்ததில் பெரும்பகுதியை அவன் அம்மாவும் அம்மாவின் இரண்டாவது கணவருமே செலவழித்துவிட, வளர்ந்ததும் அவர் வழக்குப் போட்டார், அதிலிருந்து பிறந்த சட்டம். உன் வீட்டுக்காரர் கணக்கில் கெட்டி, காசு விஷயத்தை அவர் பார்த்துக்கொள்வார். நேரத்தை நீ பார். பத்தரை மணிக்குத் தூங்கி விழும் பிள்ளையை "இன்னும் ஒரே ஒரு டேக்" என்று யாராவது நிறுத்தினால், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிடு.

பாட்டையும் நீயே பார். பத்து வயதுப் பிள்ளைக்குப் படுக்கையறைப் பாட்டைக் கொடுத்து, அவள் கண்ணைச் சிமிட்டினால் பெரியவர்கள் எழுந்து நின்று கைதட்டுவதை நான் எத்தனையோ முறை டிவியில் பார்த்திருக்கிறேன். அதே பிள்ளை இருபது வயதில் தன் இஷ்டத்துக்குக் கண்ணைச் சிமிட்டினால் முதல் கல் இவர்களிடமிருந்துதான் வரும். தாராவுக்கு அவள் வயதுக்கு ஏற்ற பாட்டுகள் தமிழில் இல்லாமலா போய்விட்டது? பாரதியே போதுமே.

அவளிடமும் ஒரு தரம் தனியாகக் கேள், அப்பா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து. பின்னல் போடும்போது கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாள், நந்தினியும் அப்படித்தான். என்ன பாட்டுப் பாடப் போகிறாள் என்று எழுது. உன் போனில் ஒரு தரம் பாட வைத்து அனுப்பு, தம்பூரா கிம்பூரா எதுவும் வேண்டாம், சமையலறையில் நின்று பாடினால் போதும். மாமியாரும் கேட்க ஆசைப்படுகிறார்.

உன்
கலா