தூரத்துப் பார்வைக்கும் ஒரு வீடு

அன்புள்ள கயலுக்கு,

சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் என்ற நகரம் கட்டும் கணினி ஆட்டத்தின் முதல் பாகத்துக்கு மாடி வீடு செய்வதாகச் சொன்னாயே, முப்பரிமாண மாடல் செய்யும் மென்பொருளான பிளெண்டரைத் திறக்கும் முன்பே மனை அளவை முடிவு செய்துவிடு. அங்கே ஒரு கட்டம் 8 மீட்டருக்கு 8 மீட்டர். தானாக முளைக்கும் கட்டடத்துக்கு 4க்கு 4 கட்டம்தான் உச்சவரம்பு. நீ 2க்கு 3 எடுத்தால் அகலம் 16 மீட்டர், ஆழம் 24 மீட்டர். பால்கனியும் அதற்குள் அடங்க வேண்டும். மாடி ஒன்றுக்கு 3 மீட்டர் உயரம் போதும்.

எல்லாப் பாகங்களையும் ஒரே மெஷ்ஷாக, அதாவது ஒரே வடிவ வலையாகச் சேர்த்து, ஒரே மெட்டீரியல் (மேற்பரப்பின் தோற்ற அமைப்பு) கொடு. அளவையும் சுழற்சியையும் பிளெண்டரில் அப்ளை செய்து மாடலிலேயே பதித்த பிறகே எஃப்பிஎக்ஸ் கோப்பாக எடு. மறந்தால் வீடு எறும்பளவில் நிற்கும், இல்லையேல் மல்லாந்து கிடக்கும். ஆட்டத்தின் இறக்குமதித் திரையிலும் சரிசெய்யலாம்தான்; ஆனால் மாடலைத் திருத்தும்போதெல்லாம் அதே வேலை மறுபடி வரும். ஒரு சுவர் மட்டும் காணவில்லையா? அதன் நார்மல், அதாவது சுவர் முகம் பார்க்கும் திசை, உள்நோக்கித் திரும்பியிருக்கும், திருப்பிவிடு.

மாடலின் மேல் ஒட்டும் படமான டெக்ஸ்ச்சருக்கு 1024 பிக்சல் தாராளம். படங்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்கட்டும். கோப்புப் பெயருக்குப் பின் அடிக்கோடு போட்டு, ஆங்கில எழுத்தில் நிறத்துக்கு டி (d), மேடுபள்ளத்துக்கு என் (n), இரவு வெளிச்சத்துக்கு ஐ (i) என்று சேர். ஓர் எழுத்து பிசகினாலும் ஆட்டம் அந்தப் படத்தை எடுக்காது.

பலரும் அசட்டை செய்வது எல்ஓடியை, அதாவது தூரத்துப் பார்வைக்கான எளிய மாடலைத்தான். கேமரா விலகியதும் ஆட்டம் வரைவது அதைத்தான். நகரம் பெரிதாகிவிட்டால் திரையில் பாதிக்கு மேல் எல்ஓடிதான். நீ கொடுக்காவிட்டால் ஆட்டமே ஒன்றை உருவாக்கும், பார்க்கச் சகிக்காது. பெட்டியும் கூரை வடிவமும் போதும், சில டஜன் முக்கோணங்கள், 128 பிக்சல் படம். ஜன்னல்களை மாடலாகச் செய்யாதே, பெரிய மாடலிலிருந்து படமாகவே பேக் செய், அதாவது அதன் தோற்றத்தைப் படத்தில் பதித்துவிடு. இரண்டு மாடல்களின் நிறமும் சற்றே வேறுபட்டாலும், கேமரா நகரும்போது வீடு சட்டென்று நிறம் மாறுவது கண்ணில் குத்தும்.

ஆட்டத்தின் எடிட்டரில் மாதிரிக் கட்டடம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். அங்கே நிதானமாகத் தேர்ந்தெடு. குடியிருப்பா கடையா என்பதெல்லாம் அந்த மாதிரியிலிருந்துதான் வரும். தோற்றம் பிடித்ததென்று கடையை எடுத்தால் உன் வீட்டில் யாரும் குடியேற மாட்டார்கள். சேமித்ததும் வேறு மாட் (ஆட்டத்தில் பிறர் செய்து சேர்த்தது) எதுவும் இல்லாத புது நகரத்தில் வைத்து, பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை பார்.

அம்மா