முகூர்த்த மாலையும் பழைய நாளிதழும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்யாண மாலையை ரெசினில், அதாவது ஊற்றியபின் கண்ணாடிபோல் இறுகும் செயற்கைப் பிசினில், பதித்துச் சட்டமிட்டுத் தரும் தொழிலைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆவலுடன் படித்தேன். பதிக்கும் விதத்தை விரிவாகச் சொன்ன அந்தக் கட்டுரையில், அதற்கு முன் பூவை ஈரம் போக உலர்த்தியாக வேண்டும் என்பது ஒரே வரியோடு நின்றுவிட்டது. பல ஆண்டுகள் தாவரவியல் கற்பித்தவள் என்ற முறையிலும், அந்த ஒரு வரி சொல்லும் விஷயத்தில் முன்பே கவனம் வைக்காததால் மகளின் மாலையை இழந்த தாய் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

பிளாஸ்டிக் பையில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்த மாலையை, முகூர்த்தம் முடிந்த மூன்றாம் நாள்தான் ஒரு கடையில் கொடுத்தோம். ரெசின் பலகையாகத் திரும்பி வந்தபோது, இதழோரங்களில் பொடிக் குமிழ்கள் தெரிந்தாலும், பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான்கே மாதங்களில் சம்பங்கி முழுவதும் தேநீர் நிறத்துக்கு மாறிவிட்டது. சரியாக உலராத பூவின் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று அதைக் கெடுத்துவிட்டது. இனி அதை உடைத்து எடுக்கவும் முடியாது. ஆனால் அதே மாலையிலிருந்து உதிர்ந்த நாலைந்து ரோஜா இதழ்களையும் ஒரு கொத்து மரிக்கொழுந்தையும், பழக்கத்தின் காரணமாக, கல்யாணத்தன்று இரவே ஒரு நாளிதழுக்குள் வைத்து மடித்திருந்தேன். சிவப்பு கறுத்து மாதுளைத் தோல் நிறமாகிவிட்டதே தவிர, இதழின் நரம்புகள் ஒவ்வொன்றும் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. மரிக்கொழுந்தை மூக்கருகே கொண்டுபோனால் மணம் மெலிதாக வருகிறது.

இது புதிய வித்தையன்று. திருச்சி தூய வளனார் கல்லூரியில் அருட்தந்தை கே.எம்.மேத்யூ 1967-இல் தொடங்கிய ராபினாட் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரக் காப்பகத்தில் ஆயிரக்கணக்கான செடிகள் இப்படித் தாளிடையே அழுத்தி உலர்த்தப்பட்டுத்தான் காக்கப்பட்டு வருகின்றன. மாணவியாக இருந்த நாள்களில், செடி சேகரிக்கப் போய்வந்த மறுநாள் காலை எழுந்ததும் எங்களுக்கு முதல் வேலை, ஈரம் இழுத்த தாள்களை உருவிவிட்டுக் காய்ந்த தாள்களை வைப்பதுதான்.

வீட்டில் செய்வதற்கும் இதுவே வழி. பூமாலைமீது தெளித்த நீர் வடிந்த பிறகு, அன்றிரவே பூக்களைப் பிரித்துவிட வேண்டும். ரோஜாவை முழுப் பூவாக அழுத்தினால் நடுவில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் இதழ் இதழாகவும், சதைப்பற்றுள்ள சம்பங்கியை நீளவாக்கில் இரண்டாகக் கீறியும், ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்ப வேண்டும். அச்சு மை ஒட்டாதிருக்க மேலும் கீழும் ஒரு மெல்லிய வெள்ளைத்தாள் போதும். வழவழப்பான இணைப்புத் தாள்கள் ஈரத்தை இழுக்கா. சாதாரண அச்சுத்தாள்தான் வேண்டும். அதன்மேல் பலகை வைத்து அம்மிக்கல்லையோ கனமான புத்தகங்களையோ ஏற்றி, முதல் நான்கைந்து நாள்கள் தவறாமல் தாளை மாற்றி, மூன்று வாரமாவது பொறுக்க வேண்டும். மல்லிகையின் வெண்மை மட்டும் எப்படிச் செய்தாலும் நிற்பதில்லை. வைக்கோல் நிறத்தையாவது அடையும் என்று தெரிந்தே வைக்க வேண்டும். முழுதாக உலர்ந்த பிறகு சட்டமிடுவதானாலும் ரெசினில் பதிப்பதானாலும் அவரவர் விருப்பம். வெயில் படும் சுவரில் மட்டும் மாட்டாதீர்கள். நிறம் விரைவில் வெளுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் ஈரக்கசிவுள்ள சுவரும் ஆகாது.

வாடிய பூ வீட்டில் இருக்கலாகாது என்று தயங்கும் பெரியவர்களின் மனம் எனக்குப் புரிகிறது. மாலையை நீர்நிலையிலோ மரத்தடியிலோ சேர்க்கும் வழக்கத்தை விட வேண்டியதில்லை. ஒரு கைப்பிடியை எடுத்து வைத்துக்கொண்டு மீதியைச் சேர்க்கலாம். புடவைப் பெட்டிக்குள் தாழம்பூ மடலும், காய்ந்தும் மணம் குறையாத மகிழம்பூச் சரமும் வைத்த பாட்டிமார்கள் உலர்ந்த பூவை ஆகாததாக நினைக்கவில்லை.

தை மாத முகூர்த்தங்கள் நெருங்குகின்றன. கல்யாண நாளன்று பெண்ணைப் பெற்றவர்களுக்கு இதற்கெல்லாம் நேரம் இருக்காது. ஆகவே ஒரு வாரத்து நாளிதழ்களை முன்கூட்டியே சேர்த்துக் கட்டி, பொறுப்பான சித்தி ஒருவரிடமோ மணப்பெண்ணின் தோழியிடமோ இந்த வேலையை ஒப்படைத்துவிடுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
திருச்சிராப்பள்ளி