பணம் கட்டினால் ஆமை வருமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன இதழில் வந்த தனித்தீவுப் பயணக் கட்டுரையைப் படித்தேன். ஆறேழு பேராகச் சேர்ந்து தனிப் படகு பிடித்துக்கொண்டால் கூட்டம் கிடையாது, நினைத்த தீவுக்கு நினைத்த நேரத்தில் போகலாம், விலங்குகளைக் கிட்டப் பார்க்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். கூட்டம் கிடையாது என்பது சரி. மற்றதெல்லாம் அப்படியில்லை. போன ஜனவரியில் பெங்களூரு அல்சூரிலிருந்து நாங்கள் ஏழு பேர் (நான், வீட்டுக்காரர், தம்பி குடும்பம் நாலு பேர், என் ஆபீஸ் தோழி ஒருத்தி) அந்தமான் போய்வந்தோம். அதற்குத் திட்டம் போட்ட நாலு மாதக் கூத்தை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் இங்கேயே ஒரு ஏஜென்ட்டைப் பிடித்தோம். "பிரைவேட் டூர்னா உங்க இஷ்டம்தான் மேடம்" என்று ஆரம்பித்தவர், பேரன் (Barren) தீவில் இறங்கி எரிமலையைப் பார்க்கலாம், நார்கொண்டாம் தீவுக்குப் போய் இருவாச்சிப் பறவை பார்க்கலாம், ஆவுளியா (கடல்பசு) கியாரண்டி என்று அடுக்கிக்கொண்டே போனார். பேரன் தீவில் இருப்பது 1991-இல் மறுபடி விழித்துக்கொண்ட எரிமலை, படகில் சுற்றிப் பார்க்கலாமே தவிர கரையில் இறங்க விடமாட்டார்கள். நார்கொண்டாம் ஏழு சதுர கிலோமீட்டர்கூடத் தேறாத ஒரு சரணாலயம், அந்த இருவாச்சிக்கு உலகத்திலேயே அது ஒன்றுதான் வீடு, உல்லாசப் படகு போய் ஒதுங்குகிற இடமில்லை. ஆவுளியா விஷயம்தான் எனக்குச் சிரிப்பு. அந்தமானின் மாநில விலங்கு என்பதால் கூப்பிட்டதும் வந்துவிடுமா என்ன? நம் பாக் விரிகுடாவில் அதற்காகவே 2022-இல் ஒரு காப்பகம் அறிவிக்கவேண்டிய நிலைமைக்கு வந்துவிட்டது. கடற்புல் மேய்கிற கூச்ச சுபாவமுள்ள பிராணி, அதற்கு இவர் கியாரண்டி தருகிறார்.

சரி, வியாபாரம் பேசுகிறார் என்று விட்டுவிடலாம். ஆனால் வட அந்தமானில் இருக்கும் திக்லிபூருக்குப் போகிற வழி பற்றிக் கேட்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தனி வண்டி மேடம், டிரைவர்கிட்ட மெதுவா ஓட்டச் சொல்லிடறேன், போற வழியில ஜாரவாக்களையும் பார்த்துடலாம்" என்றாரே, அங்கேதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. உங்கள் கட்டுரையும் "மான், முதலை, பழங்குடிகள்" என்று ஒரே வரியில்தான் சேர்த்துப் போட்டிருக்கிறது. ஜாரவாக்கள் அந்தக் காட்டில் வாழும் பழங்குடி மக்கள், சில நூறு பேர். அவர்களைக் காப்பதற்கு 1956-இலிருந்து சட்டம் இருக்கிறது. காட்டை அறுத்துக்கொண்டு போகும் அந்தச் சாலையை அவர்கள் பகுதியில் மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002-இலேயே சொன்னது, இன்னும் மூடியபாடில்லை. ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து குறித்த நேரத்தில் வண்டிகளை வரிசையாகக் கான்வாய் கட்டி அனுப்புகிறார்கள். வழியில் நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, எதுவும் கொடுக்கக்கூடாது. பஸ்ஸில் நாற்பது பேரோடு போனால் ஒருவரை ஒருவர் பார்த்தாவது அடங்கியிருப்போம். தனி வண்டியில் யார் கேட்கப்போகிறார்கள், அந்தத் தைரியத்தைத்தான் அவர் எங்களுக்கு விற்கப் பார்த்தார்.

அந்த ஏஜென்ட்டை விட்டுவிட்டு, நாங்களே விசாரித்து அரசுக் கப்பலில் இரவுப் பயணமாகத் திக்லிபூர் போனோம். தம்பி மனைவிக்கு வாந்தி, விடியும்வரை எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தாள், இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை.

சின்னக் குழுவாகப் போனதன் அருமை திக்லிபூர் பக்கத்துக் காலிபூர் கடற்கரையில்தான் தெரிந்தது. பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை, ஏழுவரி ஆமை என்று நாலு வகையும் முட்டையிட வரும் கரை அது, டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். வனத்துறை ஆட்கள் இரவில் ரோந்து போவார்கள், அவர்கள் சொன்ன இடத்தில் விளக்கில்லாமல் உட்கார்ந்திருக்கவேண்டும். முதல் இரவு ஒன்றும் வரவில்லை. இரண்டாம் இரவும் மணலும் கொசுவும்தான். "இவ்வளவு காசு கட்டி மணலைப் பார்க்கவா வந்தோம்?" என்று தம்பி முணுமுணுத்தான். ஒரு இரவு மட்டும் தங்க வந்தவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். எங்களுக்கு அவசரம் இல்லை, ஏழு பேரும் பேசி இன்னொரு நாள் இருந்தோம். மூன்றாம் இரவு ஒரே ஒரு பங்குனி ஆமை வந்தது. அது குழி தோண்டி முடிக்கும்வரை எங்களைப் பக்கத்தில் விடவில்லை, முட்டையிடத் தொடங்கியபிறகு பின்பக்கமாக, மங்கலான சிவப்பு விளக்கில், கொஞ்ச நேரம். நூறு சொச்சம் முட்டை. தம்பி அதற்கப்புறம் காசைப் பற்றிப் பேசவில்லை.

ஆகவே அடுத்த முறை எழுதும்போது ஓட்டல் அறையைவிட அனுமதிகளைப் பற்றி எழுதுங்கள். கடல் கொந்தளித்தால் கப்பல் ரத்தாகும், அதனால் திரும்பும் விமானத்துக்கு முன் ஒரு நாளாவது ஸ்ரீ விஜயபுரத்தில் (நமக்கு இன்னும் போர்ட் பிளேர்தான்) சும்மா இருக்கும்படி வைத்துக்கொள்ளவேண்டும் என்றும் சொல்லுங்கள். பழங்குடிகளை விலங்குப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், அதற்கு ஒரு வருத்தமும் அச்சிட்டால் நல்லது.

அந்த ஏஜென்ட் இப்போது "லட்சத்தீவு, டால்பின் கியாரண்டி" என்று வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார். நுழைவு பெர்மிட் யார் எடுப்பது என்று கேட்டேன். பார்த்துவிட்டார், நீலக் குறி விழுந்திருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு