பெட்ஸி ராஸ்: கொடிக்கதைக்கு அப்பால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க விடுதலையின் 250-ஆம் ஆண்டையொட்டித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரை, பெட்ஸி ராஸ் என்ற பெண்மணியை முதல் அமெரிக்கக் கொடியைத் தைத்தவர் என்ற அளவோடு நிறுத்திவிட்டது. அந்தக் கொடிக்கதையை அவருடைய பேரன் வில்லியம் கான்பி, அவர் இறந்து 34 ஆண்டுகள் கழிந்தபின், 1870-இல்தான் பொதுமேடையில் சொன்னார். குடும்பத்தார் பின்னர் அளித்த உறுதிமொழிகளைத் தவிர அதற்கு அக்காலத்து ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அவருடைய குலமரபும் திருமணங்களும் ஏடுகளில் பதிவாகியுள்ளன. கட்டுரையாளர் அங்கிருந்து தொடங்கியிருக்கலாம்.

எலிசபெத் கிரிஸ்கம் என்பது அவருடைய பிறந்த வீட்டுப் பெயர். 1680-இல் இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறிய ஆண்ட்ரூ கிரிஸ்கம் என்ற தச்சரின் கொள்ளுப்பேத்தியான இவர், சாமுவேல், ரெபெக்கா தம்பதியருக்குப் பிறந்த பதினேழு பிள்ளைகளில் எட்டாமவர். குடும்பம் போரை மறுக்கும் கிறித்தவப் பிரிவான குவேக்கர் சமயத்தைச் சேர்ந்தது. அச்சமயத்தில் மணம் செய்துகொள்ள விரும்பும் இருவரும் தம் எண்ணத்தை மாதக்கூட்டத்தில் தெரிவிக்க வேண்டும். அவர்களுக்கு வேறு திருமண வாக்கு ஏதும் உண்டா என்று கூட்டம் ஆள் நியமித்து விசாரிக்கும். பிறகு பாதிரியார் இன்றியே சபை முன்னிலையில் மணம் நடந்து, வந்திருந்தோர் சான்றிதழில் கையெழுத்திடுவர். ஒரே தாளில் இரு வீட்டு உறவினர்களும் வரிசையாகக் கிடைப்பதால், வம்ச வரலாறு தேடுவோருக்கு இது பெரும் செல்வம். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை: அன்று ஆண்டு மார்ச்சில் தொடங்கியதால், 1752-க்கு முந்தைய குவேக்கர் ஏடுகளில் ‘முதல் மாதம்’ என்பது மார்ச்சைக் குறிக்கும். 1752 சனவரி முதல் நாளில் பிறந்த பெட்ஸியைவிட, அவருடைய மூத்த உடன்பிறப்புகளின் பிறந்த தேதிகளைப் படிக்கும்போது இது முக்கியம்.

பெட்ஸியின் முதல் மணத்துக்கு அத்தகைய சான்றிதழ் இல்லை. மெத்தை, திரைச்சீலை தைக்கும் பட்டறையில் உடன் தொழில் பயின்ற ஜான் ராஸ் ஆங்கிலிகன் திருச்சபையைச் சேர்ந்தவர் என்பதால், 1773 நவம்பரில் இருவரும் பிலடெல்பியாவிலிருந்து டெலவேர் ஆற்றைக் கடந்து நியூ ஜெர்சிக்குச் சென்று மணந்துகொண்டனர். சமயத்துக்குப் புறம்பாக மணந்ததற்காகக் குவேக்கர் சபை மறு ஆண்டே அவரை விலக்கியது. சான்றிதழ் கிடைக்காத இடத்தில் அந்த விலக்கல் பதிவே நமக்குச் சான்றாகிறது என்பது வேடிக்கைதான்.

ஜான் ராஸ் 1776 சனவரியில் இறந்தார். 1777 மே 29 அன்று பென்சில்வேனியா கடற்படை வாரியம் கப்பல் கொடிகளுக்காக எலிசபெத் ராஸுக்குப் பணம் வழங்கியது. கொடித்தொழிலோடு அவரைப் பிணைக்கும் உறுதியான ஆவணம் இது. நாட்டுக் கொடியின் வடிவத்தை வகுத்த தீர்மானத்தை அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றியது அவ்வாண்டு ஜூன் 14. மறுநாளே அவர் மாலுமி ஜோசப் ஆஷ்பர்னை மணந்து, ராஸ் என்ற பெயரைத் துறந்தார். ஆங்கிலேயரிடம் பிடிபட்ட ஆஷ்பர்ன் 1782-இல் பிளிமத் நகரின் ஓல்ட் மில் சிறையில் உயிர்விட, அந்தச் செய்தியைக் கொண்டுவந்தவர் உடன் சிறையிருந்த ஜான் கிளேபூல். 1783 மே மாதம் பெட்ஸி அவரை மணந்தார். விடுதலைப் போரை ஆதரித்ததற்காக விலக்கப்பட்டோர் அமைத்த ‘சுதந்திரக் குவேக்கர்’ சபையில் இருவரும் சேர்ந்தனர். பெட்ஸிக்குப் பிந்தைய இரு மணங்களிலுமாக ஏழு பெண்மக்கள் பிறந்தனர்.

ஆக, அவர் ராஸ் என்ற பெயரோடு வாழ்ந்தது நான்கு ஆண்டுகளுக்கும் குறைவு. 1836-இல் இறக்கும்வரை ஏறத்தாழ 53 ஆண்டுகள் அவர் எலிசபெத் கிளேபூல். பிற்கால ஆவணங்களில் ராஸ் என்று தேடினால் அவர் அகப்படமாட்டார். ஆகவே அவரைப் பற்றி மீண்டும் எழுத நேர்ந்தால் கிரிஸ்கம், ஆஷ்பர்ன், கிளேபூல் ஆகிய பெயர்களையும் சேர்த்துத் தருமாறும், கொடிக்கதையைக் குடும்ப வழக்கு என்றே குறிப்பிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
தஞ்சாவூர்.