வாசிக்க முடியும்போதே கொடுத்துவிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வயதான காலத்தில் புதிதாக எதையாவது கற்றுக்கொள்ளுங்கள் என்று பத்திரிகைகளில் அடிக்கடி படிக்கிறேன். நல்ல யோசனைதான். ஆனால் பாதி ஆயுள் கையில் வைத்திருந்த ஒன்றை எப்போது விடுவது, எப்படி விடுவது என்று யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. எனக்கு வயது 72. 46 வருடம் என்னோடு இருந்த வயலினைச் சென்ற ஆண்டு கொடுத்துவிட்டேன்.

முதலில் என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்குப் புகைப்படம் என்றால் உயிர். பிலிம் கேமரா மூன்று, லென்ஸ் ஐந்து வைத்திருந்தார். பார்வை மங்கிய பிறகு எல்லாவற்றையும் தோல் பைகளில் போட்டு அலமாரியில் பூட்டிவிட்டார். “இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்பார். நானும் வற்புறுத்தவில்லை. அவர் போய் இரண்டு வருடம் கழித்துத்தான் அந்த அலமாரியைத் திறந்தேன். ஒரு லென்ஸை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், கண்ணாடிக்கு உள்ளே சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. இருட்டும் ஈரமும் தோல் பையும் சேர்ந்தால் அது வளரும். முற்றிவிட்டால் கண்ணாடியையே அரித்துவிடும், துடைத்தாலும் தடம் போகாது. ஐந்தில் நான்கு அப்படி ஆகியிருந்தன. எவ்வளவு பொத்திப் பொத்தி வைத்தார்! அன்று வெகுநேரம் அழுதேன்.

அப்படியிருந்தும் என் விஷயத்தில் நானும் அதையேதான் செய்தேன். இடது கட்டைவிரலின் அடிமூட்டில் எனக்குத் தேய்மானம். வயலினின் கழுத்தைத் தாங்குகிற விரல் அது. பத்து நிமிடம் வாசித்தால் ராத்திரி முழுக்க வலி. தினமும் வாசித்தது வாரம் ஒருமுறை ஆயிற்று, பிறகு மாதக்கணக்கில் பெட்டியையே திறக்கவில்லை. யாராவது கேட்டால் “கொஞ்ச நாளாக எடுக்கவில்லை” என்பேன். விட்டுவிட்டேன் என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

ஒரு நாள் திறந்தபோது வில்லின் ரோமம் பாதி அறுந்து தொங்கியது. வில்லில் கட்டுவது குதிரை ரோமம். மூடியே கிடக்கும் பெட்டியின் இருட்டில் அதைத் தின்கிற புழுக்கள் உண்டு. தினமும் திறந்து வெளிச்சம் படுகிற பெட்டியில் அவை தங்குவது அபூர்வம். அந்த ரோமத்தைக் கையில் பிடித்தபோது லென்ஸ் நினைவுதான் வந்தது. அன்றே முடிவு செய்தேன்.

மகள், “இருக்கட்டும்மா, உங்க ஞாபகமா நான் வச்சுக்கறேன்” என்றாள். அவள் வாசிப்பவள் இல்லை. வில்லுக்குப் புது ரோமம் கட்டி, வலியைப் பார்க்காமல் பத்து நிமிடம் வாசித்து, அவள் செல்போனில் பதிவு செய்து கொடுத்தேன். ஞாபகத்துக்கு அது போதும் என்றேன். ஆக்ஸ்போர்டு அருங்காட்சியகத்தில், வயலின் செய்வதில் பேர்போன இத்தாலியர் ஸ்ட்ராடிவாரி 1716இல் செய்த ‘மெசையா’ வயலின் புத்தம் புதிதுபோல இருக்கிறது. கண்ணாடிக்குள் இருப்பதால் யாரும் வாசிப்பதில்லை. 1840இல் இறந்த வயலின் மேதை பாகனினி தன் வயலினை இத்தாலியின் ஜெனோவா நகரத்துக்கு எழுதிவைத்தார். அதை அந்த ஊர் பத்திரமாகப் பாதுகாக்கிறது, அவ்வப்போது தேர்ந்த கலைஞர் கையில் கொடுத்து வாசிக்கவும் வைக்கிறது. என் மனம் ஜெனோவா பக்கம்தான்.

இரவல் வயலினில் கற்றுக்கொண்டிருந்த 14 வயதுப் பெண் ஒருத்திக்குக் கொடுத்தேன். கொடுத்ததோடு விடவில்லை. மூன்று மாதம் ஞாயிறுதோறும் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த வயலினின் குணத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். வறண்ட நாளில் இரண்டாவது பிருடை, அதாவது தந்தியை முறுக்கும் திருகு, நழுவும். உள்ளே அழுத்தியபடியே திருப்ப வேண்டும். வாசித்து முடித்ததும் வில்லைத் தளர்த்த வேண்டும். வில் ரோமத்தில் தேய்க்கிற ரோசின் என்ற பிசின், தந்திக்குக் கீழே தூளாக விழுந்திருக்கும், அதை அன்றன்றே துடைக்க வேண்டும். இதையெல்லாம் எந்த உயிலில் எழுதிவைக்க முடியும்?

வயதாகிவிட்டது என்பதற்காக யாரும் கொடுக்க வேண்டாம். கை ஒத்துழைக்கிறவரை வாசியுங்கள், தையுங்கள், இழையுங்கள். ஒத்துழைக்கவில்லை என்று மனதுக்குத் தெரிந்த பிறகும் பூட்டிவைக்காதீர்கள் என்றுதான் என் வயதுக்காரர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். சொல்லிக்கொடுக்கத் தெம்பு இருக்கும்போதே நல்ல கை ஒன்றைத் தேடுங்கள். பிள்ளைகளே, அம்மாவோ அப்பாவோ கொடுக்க முன்வந்தால் தடுக்காதீர்கள்.

மூன்றாவது ஞாயிறு அந்தப் பெண் வாசிப்பதை நிறுத்திவிட்டு, “பாட்டி, உள்ளே என்னமோ அதிருது” என்றாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வயதானால் மெல்லிய, உயர்ந்த ஒலிகள்தான் முதலில் காதைவிட்டுப் போகும். விரல் முட்டியால் ஓரமெல்லாம் மெதுவாகத் தட்டிப் பார்த்தாள். வயலினின் இடுப்புபோல ஒடுங்கிய பகுதியருகே ஓரிடத்தில் மட்டும் சத்தம் மாறியது. அங்கே மேல்பலகையின் ஒட்டு விட்டிருந்தது. மரம் வெடிப்பதற்கு முன் ஒட்டு விட்டுக்கொடுக்கட்டும் என்றுதான் வயலினை மென்மையான பசையால் ஒட்டுகிறார்கள். பழுது பார்ப்பவர் இரண்டே நாளில் சரிசெய்து கொடுத்தார். எவ்வளவு காலமாக அப்படி இருந்ததோ, என் காதுக்கு அது எட்டவே இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி