மழைச் செய்தியோடு ஹைடைட் நேரமும் போடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ரெட் அலர்ட் என்றால் 24 மணி நேரத்தில் 204 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யலாம் என்று பொருள். அந்த மழை எந்த நேரத்தில் கொட்டும் என்பது அதில் இருக்காது. மும்பையில் தாராவி, சயான் கோலிவாடா, மாட்டுங்கா, செம்பூர் பக்கத்திலிருந்து லோக்கல் ரயில், பஸ், நடை என்று வேலைக்குப் போகும் நம் ஜனங்களுக்கு எவ்வளவு மழை என்பதைவிட எப்போது மழை என்பதுதான் பெரிய கேள்வி. எனவே ஜூன் முதல் செப்டம்பர் வரை, வானிலைச் செய்திக்குக் கீழே அன்றைய ஹைடைட் (கடல் ஏறி உச்சம் தொடுவது) நேரத்தையும் உயரத்தையும் தினமும் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இங்குள்ள மழைநீர் வடிகால்கள் பலவும் கடல்மட்டத்தை ஒட்டியே கடலில் திறக்கின்றன. கடல் ஏறும்போது உப்புத் தண்ணீர் ஊருக்குள் வராதபடி மதகை அடைத்துவிடுவார்கள். அந்த நேரத்தில் பெய்கிற மழையில் பம்பிங் ஸ்டேஷன்கள் இறைக்கிற அளவுதான் வெளியே போகும், மீதி கிங்ஸ் சர்க்கிளிலும் சயானிலும் குர்லாவிலும் தேங்கும். அதே மழை கடல் வற்றும் நேரத்தில் பெய்தால் சீக்கிரம் வடிந்துவிடும். 4.5 மீட்டருக்கு மேல் கடல் ஏறும் நாட்களின் பட்டியலை மாநகராட்சி மழைக்கு முன்பே வெளியிடுகிறது. அது ஒரு நாள் செய்தியாக வந்து மறந்துபோகிறது.

பட்டியல் கையில் இல்லாதவர்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் மும்பையில் கடல் அதிகம் ஏறும். அன்று ஹைடைட் நண்பகலை ஒட்டி வரும், பிறகு நாளுக்குச் சுமார் முக்கால் மணி நேரம் தள்ளிப்போகும். உயரம் உச்சத்தைத் தொடுவது பெரும்பாலும் திதிக்கு ஓரிரு நாள் கழித்துத்தான். 2025 ஜூன் 25 அமாவாசை. மறுநாள் 26ஆம் தேதி பகல் ஒரு மணிவாக்கில் 4.75 மீட்டர். அஷ்டமி, நவமி வாக்கில் ஹைடைட் மாலைக்குப் போய்விடும், ஆனால் உயரம் குறைவு. ஆகவே அமாவாசை கழிந்த இரண்டு மூன்று நாட்களில், காலையிலிருந்தே விடாமல் மழை என்றால், மாட்டிக்கொள்வது பகல் 12 முதல் 3 மணிக்குள் வீடு திரும்புகிறவர்கள்: வீட்டு வேலை முடித்துப் போகும் பெண்கள், பள்ளிப் பிள்ளைகள், முதல் ஷிப்ட்காரர்கள். பதினொரு மணிக்கே கிளம்பலாம். முடியாவிட்டால் கடல் இறங்கும்வரை, நாலு மணி தாண்டும்வரை, இருக்கிற இடத்திலேயே இருப்பது நல்லது.

தண்டவாளத்தில் தண்ணீர் ஏறினால் பாயிண்டும் (ரயிலைத் தடம் மாற்றும் அமைப்பு) சிக்னலும் பழுதாகும், ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். சென்ட்ரல் லைனில் குர்லா, சயான், மாட்டுங்கா, ஹார்பரில் சூனாபட்டி என்று இடங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். தாதர் போக வேண்டியவர் முலுண்ட், தானே பக்கமிருந்து வந்தால் காட்கோபரில் இறங்கி மெட்ரோவில் அந்தேரி போய், வெஸ்டர்ன் லைன் ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டு மாறலாம். நடுவழியில் நிற்கும் ரயிலிலிருந்து குதித்து நடப்பது மட்டும் வேண்டாம். பக்கத்து லைனில் வண்டி வரும், ஓரத்துச் சாக்கடை தண்ணீருக்குள் தெரியாது. பஸ்ஸைப் பொறுத்தவரை, தண்ணீர் நின்றால் பெஸ்ட் வண்டிகள் மேம்பாலத்தில் ஏறிவிடும். பாலத்துக்குக் கீழே உள்ள நிறுத்தத்தில் காத்திருப்பது வீண், பாலம் இறங்குகிற இடத்து நிறுத்தத்துக்கு நடந்துவிடுங்கள்.

காற்றோடு அடிக்கும் மழையில் குடை திரும்பிக்கொள்ளும். சட்டை, பேன்ட் என இரண்டு துண்டாக வரும் ரெயின்கோட்தான் உதவும். ஆனாலும் குடை கையில் இருக்கட்டும், அதை மடக்கி அடுத்த அடியைத் தட்டிப் பார்த்து நடக்கலாம். கலங்கிய தண்ணீரில் ஓரிடத்தில் மட்டும் சுழி தெரிந்தால் அங்கே மூடி திறந்த மேன்ஹோல் இருக்கலாம், விலகிப் போக வேண்டும். பிடிமானத்துக்கு விளக்குக் கம்பத்தைத் தொடாதீர்கள், மின்சாரம் பாயலாம். ஹவாய் செருப்பைத் தண்ணீர் இழுத்துப் போய்விடும். கம்பூட்டுக்குள் (உயரமான ரப்பர் பூட்ஸ்) தண்ணீர் புகுந்துவிட்டால் காலைத் தூக்கவே முடியாது. குதிகாலில் வார் உள்ள ரப்பர் சேண்டல் ஒன்றுதான் சரி. முதுகில் மாட்டும் பைக்கு மேலே போடும் உறை முதுகுப் பக்கம் திறந்தே இருப்பதால் அந்த வழியே நனையும். பைக்கு உள்ளே ஒரு கனமான பிளாஸ்டிக் பையை விரித்து, அதற்குள் மாற்றுத் துணி, டிபன், போன் எல்லாம் வைத்து வாயை முறுக்கிக் கட்டினால் ஒரு சொட்டு இறங்காது. நெட்வொர்க் போனால் ஜிபேயும் போகும், சில்லறை வைத்திருங்கள்.

கடைசியாக லெப்டோ, அதாவது எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காலில் உள்ள சின்னக் கீறல் வழியே உள்ளே போகும். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தேங்கிய தண்ணீரில் நடந்தவர்கள், முக்கியமாகக் காலில் புண் உள்ளவர்கள், 72 மணி நேரத்துக்குள் பக்கத்து மாநகராட்சி மருந்தகத்தில் டாக்டரைப் பார்த்துத் தடுப்பு மாத்திரை வேண்டுமா என்று கேட்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் மருந்து வேறு என்பதால் கடையில் தாங்களாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், வெள்ளத்தில் நடந்ததை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சயான் கோலிவாடா, மும்பை